டெல்டா மண்ணில் சின்ன டவருக்கு அஸ்திவாரம்: கார்த்திகைத் தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுங்கள்

சின்ன டவர் என்று நான் சொல்வது 30 அடியிலிருந்து 60 அடி வரை. கேபிள்காரர்கள் பக்கத்து ஊர்களுக்கு இணைய இணைப்பு கொடுக்க நிறுத்துவது, கடலோரக் கிராமத்தில் படகுகளோடு பேசும் வி.எச்.எஃப். கருவிக்கு வைப்பது, ஹாம் ரேடியோக்காரர் தன் தோப்பில் ஏற்றுவது எல்லாம் இதில் அடக்கம். பெரிய செல்போன் கோபுரத்துக்கு மண் பரிசோதனையும் டிசைனும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். சின்னதுக்குத்தான் கேட்பாரில்லை. "அஞ்சுக்கு அஞ்சு, அஞ்சடி ஆழம். போட்டு விட்டுடுங்கண்ணே" என்பார்கள். கம்பி எத்தனை கிலோ, சிமெண்ட் எத்தனை மூட்டை என்று விலை கேட்பார்கள். அந்த இடத்தில் கார்த்திகை மாதம் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான்தான் அவர்களிடம் கேட்கிறேன்.

திருத்துறைப்பூண்டியைச் சுற்றி நான் வேலை செய்யும் மண்ணில் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. குழி வெட்டுவது சித்திரை வைகாசியில். அப்போது வயல் வெடித்துக் கிடக்கும், ஆறடி வெட்டினாலும் அடியில் ஈரம் மட்டும்தான் தெரியும். டவரைச் சோதிக்கும் காற்று வருவதோ வேறு மாதத்தில். நிஷா 2008 நவம்பரில், தானே 2011 டிசம்பரில், வர்தா 2016 டிசம்பரில், கஜா 2018 நவம்பரில். வேதாரண்யத்தை ஒட்டிக் கஜா கரையேறியது நவம்பர் 16 விடியற்காலை. அந்த மாதங்களில் எங்கள் பக்கம் கிணறு கைக்கு எட்டும், தாழ்வான கொல்லையில் தண்ணீர் தரைக்கே வந்துவிடும். பெரிய காற்றும் மண்ணுக்குள் நிறைந்த தண்ணீரும் ஒரே ராத்திரியில் வரும் ஊர் இது.

கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக வரும், மேலே வந்ததும் கனக்கும். கான்கிரீட்டுக்கும் அதே கதைதான். ஒரு கனமீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ. முழுசாகத் தண்ணீரில் இருந்தால் அதில் 1,000 கிலோ போய்விடும், மிச்சம் 1,400. டவரைச் சாயாமல் பிடிப்பது அந்த எடைதான் என்பதால், தேவைப்படுகிற ராத்திரியில் பத்தில் நாலு பங்கு காணாமல் போகிறது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 40 அடி உயரம், முக்கோண லாட்டிஸ் டவர் (குறுக்குச் சட்டம் பின்னியது), அடியில் கால்களுக்கு நடுவே 90 செ.மீ., உச்சியில் ஒரு டிஷ். காற்று முட்டும் பரப்பை, இழுவைக் கெழுவையும் (வடிவத்துக்கு ஏற்பக் காற்று எவ்வளவு பிடித்து இழுக்கும் என்ற எண்) சேர்த்து, டவருக்கு 3 சதுர மீட்டர், டிஷ்ஷுக்கு 0.65 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டவருக்கு இது மாறும். அந்த எண்ணை டவர் செய்து தருபவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்க்கணக்கு வேண்டாம்.

எந்த ஊருக்கு எவ்வளவு காற்று வேகம் வைக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. மதுரைக்கும் கோவைக்கும் வினாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50. எங்கள் கடலோரத்துக்கு நான் 50 வைத்தே போடுகிறேன். வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.6 ஆல் பெருக்கினால் அழுத்தம். 39க்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ, 50க்கு 153 கிலோ. பதினோரு மீட்டர்தானே கூடுதல் என்று நினைப்போம், விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. 2015இல் வந்த திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. கிழக்குக் கரையிலிருந்து 60 கி.மீ.க்குள், புயலுக்குப் பிறகும் வேலை செய்தாக வேண்டிய கட்டுமானங்களுக்கு வேகத்தை 1.3 ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் மருத்துவமனை, புயல் பாதுகாப்பு மையத்தோடு தகவல் தொடர்புக் கோபுரமும் பெயர் சொல்லியே வருகிறது. அப்படிப் பார்த்தால் 65 மீட்டர், சதுர மீட்டருக்கு 258 கிலோ. மீனவர்களோடு பேசவும் நிவாரண நேரத்தில் செய்தி அனுப்பவும் நிற்கும் டவருக்கு இந்தக் கணக்கை விடக்கூடாது.

இப்போது அந்த "அஞ்சுக்கு அஞ்சு"வைப் பார்ப்போம். ஐந்தடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழம் என்றால் 125 கன அடி, எட்டரை டன். கவிழ வேண்டுமானால் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் கவிழும். ஆகவே எட்டரை டன்னை அரை அகலமான 0.76 மீட்டரால் பெருக்கினால் எதிர்த்து நிற்கும் பலம் 6.5 டன்-மீட்டர். 50 மீட்டர் காற்றின் அழுத்தத்தைப் பரப்பாலும், பிளாக்கின் அடியிலிருந்து காற்று முட்டும் உயரத்தாலும் பெருக்கினால், இதே விளிம்பில் கவிழ்க்கப் பார்ப்பது 4.8. வைகாசியில் நிற்கும். கார்த்திகையில் பிளாக் மூழ்கினால் 6.5 என்பது 3.8 ஆகிவிடும். காற்றின் 4.8 அப்படியே இருக்கிறது. 1.3 காரணியைச் சேர்த்தால் 8.1. இனி நான் சொல்ல என்ன இருக்கிறது.

உடனே வரும் பதில், "அப்ப ஆழமா வெட்டிருவோம்". அது வேண்டாம். ஐந்துக்கு ஐந்து, பத்தடி ஆழம் என்றால் 250 கன அடி. மூழ்கிய நிலையில் எதிர்ப்பு 7.5, காற்றோ அதே 1.3 காரணியோடு 9.5. ஆழம் கூடக்கூட காற்றின் நெம்புகோலும் நீளுகிறது. அதே அளவு கான்கிரீட்டை அகலமாகப் பரப்புங்கள்: எட்டடிக்கு எட்டடி, நாலடி ஆழம், 256 கன அடி. மூழ்கிய எடை 10 டன், அரை அகலம் 1.22 மீட்டர், எதிர்ப்பு 12.4. காற்று, 1.3 காரணியோடு, 7.8. ஒன்றரை மடங்கு கையிருப்பு. டவரின் எடையையும் பக்கத்து மண்ணின் பிடிப்பையும் நான் சேர்க்கவில்லை. ஊறிய களிமண்ணின் பிடிப்பை நம்பிக் கணக்கு போட எனக்கு மனசு வராது. கெட்டியான சுக்கான் பாறை உள்ள மேட்டுப் பகுதிகளில் ஆழமான குழி நல்ல யோசனையாகவே இருக்கலாம். எங்கள் மண்ணில் அகலம்தான். அதோடு நாலடியோடு நின்றால் தண்ணீர் இறைக்கிற செலவும் மிச்சம்.

கம்பி அளவும் பிளாக் அளவும் கடைசியில் ஒரு ஸ்டிரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தோடு வரட்டும். அவரிடம் போகும்போது மூன்று விஷயத்தோடு போங்கள்: டவர்க்காரர் தந்த காற்றுப் பரப்பு, குழியின் மண், கார்த்திகைத் தண்ணீர் மட்டம். மூன்றாவதை அவரும் கேட்காமல் விடலாம், நீங்களே சொல்லுங்கள். மட்டம் தெரிய, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் "ஐப்பசி அடைமழையில உங்க கெணத்துல எத்தனை அடியில தண்ணி நிக்கும் தாத்தா" என்று கேட்டாலே போதும். போர் போட்டபின் கிணற்றை மூடிவிட்டார்கள் என்றால், ஓட்டை போட்ட நாலு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை எட்டடி ஆழத்துக்கு இறக்கி வைத்து ஒரு மழைக்காலம் பார்க்கலாம். அவசரக்காரர்களுக்கு என் யோசனை, தரைமட்டத்தில் தண்ணீர் என்றே கணக்கு போடுங்கள். தண்ணீர் ஆழத்தில் இருக்கும் ஊரிலும், களிமண்ணில் வெட்டித் தளர்வாக மூடிய குழி மழைத் தண்ணீரைத் தொட்டி மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும்.

இடம் பார்க்கும்போது டவர் விழுந்தாலும் மின் கம்பிமேல் விழாத தூரம் வேண்டும். உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளி டவரை வையுங்கள். வாய்க்கால் கரையிலும் குளத்தங்கரையிலும் கூடாது, மண் அந்தப் பக்கம் நழுவும். உள்ளாட்சி அனுமதி, ரேடியோ உரிமம், விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் உயர அனுமதி, இதெல்லாம் குழிக்கு முன்னால் முடித்துவிட வேண்டிய காகித வேலை.

வேலைக்கு ஏற்ற காலம் தை கடைசியிலிருந்து வைகாசி வரை. மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறக்கும். தண்ணீர் கடைமடைக்கு வந்து வாய்க்கால் நிரம்பிவிட்டால் குழியில் ஊற்று ஆரம்பித்துவிடும். அறுவடை முடிந்து களம் காய்ந்த மாசி பங்குனியில் லாரியும் மிக்சரும் வரப்புப் பக்கம் போக வழியும் இருக்கும்.

குழியைப் பிளாக்கைவிடப் பக்கத்துக்கு ஓரடி அதிகமாக வெட்டுகிறேன். சட்டரிங் நிறுத்த, ஆள் இறங்க, தண்ணீர் ஓட இடம் வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது, மூணடி தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். வெடித்த களிமண் சுவர் சொல்லாமல் சரியும். ஒரு மூலையில் ஓரடி கூடுதலாகப் பள்ளம் எடுத்துக் கூடையில் ஜல்லி போட்டு அதற்குள் பம்பின் உறிஞ்சு குழாயை வைத்தால் சேறு அடைக்காது. கான்கிரீட் இறுகும்வரை அந்தப் பம்பு ஓடணும். "போட்டாச்சே, நிறுத்திடலாமா அண்ணே" என்று பம்பு பார்க்கிற தம்பி கேட்பான். அவனுக்கு ராத்திரிச் சாப்பாடும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அடிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நான் சொன்ன பிளாக்கில் புயல் அடிக்கும்போது ஒரு விளிம்பு மண்ணைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 டன் அழுத்தும். விரல் நகம் மட்டும் பதிகிற கெட்டி மண் அதைத் தாங்கும். முழு விரலும் வெண்ணெய் மாதிரி இறங்கினால் அங்கே நிறுத்துங்கள், அது அடிக்கம்பம் (பைல்) இறக்க வேண்டிய மண். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் அப்படிப்பட்ட மண் உண்டு. மணல் கொட்டிச் சமாளிக்கலாம் என்று சொல்பவரோடு வாதம் செய்து பயனில்லை, இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். நல்ல அடிமண் கிடைத்தால் சேற்றை வழித்தெடுத்து, அன்றைக்கே நாலு அங்குலம் 1:4:8 கான்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி) போட்டு மூடிவிடுங்கள். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த களிமண் காலையில் கொழகொழவென்று இருக்கும்.

கம்பிக்கு இந்த அளவு பிளாக்கில் என் கைக்கு வந்த டிசைன், அடியில் 16 மி.மீ. ஆறங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும், மேலேயும் ஓரங்களிலும் 12 மி.மீ. மேல் கம்பி எதுக்கு என்று கேட்கும் மேஸ்திரிகள் உண்டு. அந்தப் பெரிய காற்றில் டவரின் ஒரு கால் ஏறத்தாழ எட்டரை டன் விசையோடு மேலே இழுக்கும். எடை கீழே இருக்கிறது, இழுப்பு மேலே இருக்கிறது, நடுவில் கம்பி இல்லாவிட்டால் பிளாக்கின் முதுகு வெடிக்கும். கவர், அதாவது கம்பிக்கு வெளியே நிற்கும் கான்கிரீட்டின் கனம், 75 மி.மீ. வையுங்கள். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதி அஸ்திவாரத்துக்குக் குறைந்தது 50 சொல்கிறது. உப்பு மண்ணில் கூடுதல் ஒரு அங்குலம் வாங்கிக் கொடுப்பது பல வருஷம். கவர் பிளாக் கான்கிரீட்டில் இருக்கட்டும். உடைந்த செங்கல்லை அடியில் வைத்தால் அதன் வழியாகவே உப்புத்தண்ணீர் கம்பிக்கு ஏறும்.

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில், உப்பில்லாத மண்ணில், எம் 25 தரக் கான்கிரீட் போதும் (எண் கூடினால் பலம் கூடும்). வேதாரண்யம், கோடியக்கரை மாதிரி உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் உள்ள இடத்தில் எம் 30க்குக் கீழே இறங்காதீர்கள். 1:1½:3 என்று பெட்டியால் அளந்து போடுகிற கலவை எம் 20 வரைக்கும்தான் விதியில் உண்டு. அதற்கு மேல் எடை போட்டுக் கலக்கும் டிசைன் மிக்ஸ் வேண்டும், ஆகவே ரெடிமிக்ஸ் லாரி வர வழியிருந்தால் அதுவே நிம்மதி. இந்தப் பிளாக்குக்கு ஏழேகால் கனமீட்டர், டவர் கால் நிற்க பிளாக்கின் மேல் எழுப்பும் பெடஸ்டலோடு எட்டுக்குச் சொல்லி வையுங்கள். சிமெண்டில் உப்பு மண்ணுக்கு ஸ்லாக் சிமெண்ட் நல்லது, கடையில் பி.எஸ்.சி. என்று கேட்டால் தருவார்கள்.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். இறால் பண்ணை வாய்க்கால் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், டேங்கர் காசு மிச்சமாகும் என்று ஆசை வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் எதுவும் ஆகாது. குடிக்கக் கொடுக்கிற கொள்ளிடத் தண்ணீரையே கலவைக்கும் கியூரிங்குக்கும் வாங்குங்கள். கலவையில் சேர்க்கும் தண்ணீரை டிரைவர் இஷ்டத்துக்கு விடாதீர்கள். "கொஞ்சம் இளக்கி விடுங்க, ஓடும்" என்று ஒரு குரல் கண்டிப்பாக வரும். ஓடுகிற கான்கிரீட் காய்ந்தபின் தண்ணீரையும் உள்ளே விடும்.

ஆங்கர் போல்ட் வைப்பதில் அவசரம் ஆகாது. போல்ட்டுகளை இடம் மாறாமல் பிடிக்கும், டவரின் அடித்தட்டோடு ஒத்துப்போகும் இரும்பு டெம்ப்ளேட்டை டவர் செய்பவரே தர வேண்டும். அவர் டவரும் இவர் டெம்ப்ளேட்டும் என்று இரண்டு பட்டறை சேரக் கூடாது. காலுக்கு நாலு, 24 மி.மீ. போல்ட், அடியில் தட்டு வைத்து, 75 செ.மீ. உள்ளே இறங்கணும். முக்கோணம் என்பதால் மூலைவிட்டம் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. மூன்று பக்கமும் ஒரே நீளமா, மூன்று காலும் ஒரே மட்டமா என்று டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பாருங்கள். சின்ன ரசமட்டம் இந்தத் தூரத்துக்குப் போதாது. டிஷ் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், ஏறுகிற பக்கம் எது என்பதையும் அப்போதே முடிவு செய்யணும், காய்ந்தபின் பிளாக்கைத் திருப்ப முடியாது. டெம்ப்ளேட்டைச் சட்டரிங்கிலோ கம்பியிலோ கட்டாதீர்கள். கான்கிரீட் விழும்போது இரண்டும் நகரும். குழிக்குக் குறுக்கே தனியாக இரண்டு சவுக்குக் கம்பம் போட்டு அதில் கட்டுங்கள். மரையில் கிரீஸ் தடவிச் சாக்கால் சுற்றிவிடுங்கள்.

கேபிள் போக இரண்டங்குலக் குழாய் ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள், பின்னால் கேட்பார்கள். இடிக்கு எர்த் பட்டை, 25க்கு 6 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), கம்பிக் கூட்டோடு சேர்த்து வெல்டு வைத்து வெளியே எடுத்து எர்த் குழியில் சேருங்கள். 10 ஓமுக்குக் கீழே வர வேண்டும். களிமண்ணில் அது சுலபமாகவே வரும், எங்கள் மண் செய்கிற ஒரே உபகாரம்.

போடுகிற நாள் விடியலில் ஆரம்பித்துவிடுங்கள். ஏழு கனமீட்டரை ஒரு மூட்டை மிக்சரில் கலக்க அறுபது சுற்று போல ஆகும், நடுவில் டீ, டீசல், மழை மேகம் எல்லாம் உண்டு. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் போகும். ஓரடி ஓரடியாகப் போட்டு நீடில் வைப்ரேட்டரை நேராக இறக்கி மெல்ல எடுங்கள், போல்ட்டில் மட்டும் படாமல். ஐந்தடிக்கு மேலிருந்து கொட்டாதீர்கள், ஜல்லி தனியாகப் பிரிந்துவிடும். பெடஸ்டலையும் அன்றைக்கே சேர்த்து எழுப்பணும். அதன் தலை, அந்தத் தெருவில் வெள்ளம் ஏறிய அடையாளத்துக்கு ஓரடி மேலே, வெளிப்பக்கமாகச் சாய்வோடு. தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் இரும்புக் கால் முதலில் அரிக்கும். அதனாலேயே டவர் காலை நேராகக் கான்கிரீட்டில் புதைக்கும் பழைய முறையை நான் செய்வதில்லை. குழாய்க் கால்கள் என்றால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சோதனைக்கு 15 செ.மீ. கனசதுரங்களை வெவ்வேறு கலவையிலிருந்து இரண்டு தடவை, தடவைக்கு மூன்று எடுத்து வையுங்கள். 28 நாள் கழித்துப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் ஆய்வகத்தில் உடைத்துப் பார்ப்பார்கள். எம் 30 என்று பில் கொடுத்தவரோடு பேச அந்தத் தாள் இருந்தால்தான் முடியும்.

கியூரிங் 14 நாள். மேலே களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், பக்கங்களில் ஈர வைக்கோல். இவ்வளவு பெரிய பிளாக் உள்ளுக்குள் சூடாகும், பங்குனி வெயிலில் மேலே காயவிட்டால் முதுகு வெடித்துவிடும். சட்டரிங் பிரித்ததும் சுற்றிலும் கிராவலை ஆறங்குல அடுக்காகப் போட்டு இடித்து இறுக்குங்கள். வெட்டிய களிமண்ணையே திரும்பத் தள்ளி மூடுவதுதான் வழக்கம், அதற்குத்தான் முதலிலேயே தொட்டி என்று சொன்னேன்.

28 நாளுக்கு முன் டவர் ஏற்ற வேண்டாம். ஏற்றும்போது கீழ் நட்டால் மட்டம் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் பார்த்து, அடித்தட்டுக்கும் பெடஸ்டலுக்கும் நடுவில் சுருங்காத கிரௌட் (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை) ஊற்றுங்கள். மேல் நட்டை முறுக்கியதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் மழைக்காலம் முடிந்து மார்கழியில் போய்ப் பார்த்தால் எந்த நட்டு திரும்பியிருக்கிறது என்று அந்தக் கோடே காட்டும், அதை மட்டும் முறுக்கிவிட்டுத் தூக்குக்குண்டை இன்னொரு தடவை விட்டுப் பாருங்கள். குண்டு முதல் நாள் குறித்த புள்ளியிலிருந்து விலகி, நட்டுகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தால் பிளாக்கே சாய்ந்திருக்கிறது. அப்போது டவரில் யாரையும் ஏற்றாமல் இன்ஜினியரை வரச் சொல்லுங்கள்.